ராத்திரி மட்டும் வாய்மூடும் லேண்ட்லைன்

லேண்ட்லைன் போனை ராத்திரியில் அமைதியாக்குவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. படுக்கப் போகும்போது வயரைப் பிடுங்கி, காலையில் திரும்பச் செருகினால் முடிந்தது. பிடுங்க யாரும் மறப்பதில்லை, செருகத்தான் மறந்துபோகும். மத்தியானம் யாராவது மொபைலில் கூப்பிட்டு, "உங்க லேண்ட்லைன் அடிச்சுக்கிட்டே இருக்கு, யாரும் எடுக்கலையே" என்று கேட்கும்போதுதான் நினைவே வரும். சரி, இந்த வேலையை ஒரு சின்னப் பெட்டியிடம் ஒப்படைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மணியை நிறுத்தும் பகுதி சீக்கிரம் முடிந்துவிட்டது. எப்போது நிறுத்தக் கூடாது என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லித் தருவதில்தான் மற்ற நேரம் முழுக்கப் போனது, அதனால் இந்தப் பதிவிலும் அதுதான் அதிகம் இருக்கும்.

உங்கள் போன் வயர் ஃபைபர் ரவுட்டரின் பின்புறத் துளையில் செருகியிருந்தால், சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஃப்ரிட்ஸ்பாக்ஸ் போன்ற சில ரவுட்டர்களில் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை போன் அடிக்கக் கூடாது என்று குறித்துவைக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. இணையத் தொலைபேசி அடாப்டர்கள் பலவற்றில் நட்சத்திரக் குறியோடு 78 அழுத்தினால் 'தொந்தரவு செய்யாதே' நிலை, 79 அழுத்தினால் பழைய நிலை. வீட்டிலேயே ஆஸ்டரிஸ்க் என்னும் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளை ஓட்டுபவர்களுக்கு நேரம் பார்த்து அழைப்பைத் திருப்பிவிட ஒரு வரி போதும். இதெல்லாம் இல்லாதவர்களுக்கும், செம்புக் கம்பியில் வரும் பழைய இணைப்பு வைத்திருப்பவர்களுக்கும்தான் இனி வருவது.

எதை வெட்டப்போகிறோம் என்பது லைனில் என்ன ஓடுகிறது என்று தெரிந்தால்தான் புரியும். யாரும் பேசாமல் சும்மா இருக்கும்போது இரண்டு கம்பிகளுக்கும் இடையே சுமார் 48 வோல்ட் டிசி, அதாவது திசை மாறாத மின்சாரம், நிற்கும். ரிசீவரை எடுத்ததும் சுற்று மூடிக்கொண்டு 20 முதல் 40 மில்லி ஆம்பியர் வரை ஓடும், வோல்டேஜ் பத்துப் பக்கமாக இறங்கிவிடும். மணி அடிக்க வேண்டும் என்றால் எக்ஸ்சேஞ்ச் அந்த 48 வோல்ட்டின் மேலேயே ஒரு ஏசியை, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தை, ஏற்றி அனுப்புகிறது. வட அமெரிக்காவில் அது 20 ஹெர்ட்ஸ், 90 வோல்ட் வாக்கில். வேறு பல நாடுகளில் 25 ஹெர்ட்ஸ், 75 வோல்ட் பக்கம். போனுக்குள் மணி ஒரு கெபாசிட்டர் வழியாக லைனுக்குக் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. டிசி அதில் நுழைய முடியாது, மணிக்கான ஏசி மட்டும் நுழையும். அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் உதவியாளர் தாமஸ் வாட்சன் 1878-ல் மின்காந்த மணியை வடிவமைத்த காலத்திலிருந்து உள்ளே இருக்கும் பொருள் எவ்வளவோ மாறிவிட்டது, ஆனால் மணி அடிக்க ஏசி அனுப்பும் பழக்கம் அப்படியேதான் இருக்கிறது.

அந்த ஏசி கையில் பட்டால் நன்றாகவே உதறும். 48 வோல்ட்தானே என்று லைனைச் செருகியபடியே வேலை பார்க்கக் கூடாது, ஏனென்றால் யார் எப்போது கூப்பிடுவார்கள் என்று நமக்குத் தெரியாது. வேலை முடியும் வரை சுவர்ப் பக்கத்துப் பிளக் வெளியே இருக்கட்டும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை, ராத்திரி ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவது, அதையே ஒரு ரிலேயும் (மின்சாரம் கொடுத்தால் தானாக மாறும் சுவிட்ச்) ரெசிஸ்டரும் வைத்துத் தானாகச் செய்வது. கூப்பிடுபவருக்கு எங்கேஜ்டு டோன் கேட்கும், போன் அடிக்காது. ஆனால் எக்ஸ்சேஞ்சுக்கு அது எடுத்துவிட்டு வைக்காத போன். கொஞ்ச நேரம் டயல் டோன், அப்புறம் காதைத் துளைக்கும் ஊளை, அப்புறம் லைனை ஓரமாகத் தள்ளிவைத்துவிடும். ராத்திரி முழுக்க ஒரு லைனை அப்படி வைத்திருந்தால் பழுதான லைன் என்று குறிக்கப்படலாம். இது வேண்டாம்.

இரண்டாவது யோசனை லைனையே துண்டிப்பது. இதற்கு மைக்ரோகன்ட்ரோலர், அதாவது புரோகிராம் ஏற்றி ஓட்டும் குட்டி கம்ப்யூட்டர் சிப், கூடத் தேவையில்லை. சுவர் பிளக்கில் செருகும் 24 மணி நேர டைமர் இருக்கிறதே, சுற்றிலும் கால் மணிக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்குமே, அதில் ஒரு 12 வோல்ட் அடாப்டர், அடாப்டரில் ஒரு 12 வோல்ட் ரிலே, ரிலேயின் கான்டாக்ட் வழியாகப் போனுக்குப் போகும் ஒரு கம்பி. அவ்வளவுதான். ஒரு கம்பி விட்டுப்போனாலே சுற்று முழுமையாகாது, மணி அடிக்காது. கூப்பிடுபவருக்கு வழக்கம்போல ரிங் போய்க்கொண்டே இருக்கும், வீட்டில் ஆள் இல்லை போலிருக்கிறது என்று வைத்துவிடுவார். சால்டரிங் பழக ஆசைப்படுபவருக்கு இதைத்தான் சொல்வேன். குறை இரண்டு. கரண்ட் போனால் அந்த டைமரின் மோட்டாரும் நின்றுவிடும், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும், ஆக இரண்டு மணி நேரம் கரண்ட் போன அன்றிலிருந்து உங்கள் 'ராத்திரி' இரண்டு மணி நேரம் தள்ளிப்போய்விடும், யாராவது கையால் திருப்பி வைக்கும் வரை. இரண்டாவது குறை இன்னும் மோசம். நடுராத்திரி அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட ரிசீவரை எடுத்தால் போன் செத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் வீட்டிலிருப்பவர் டைமரைத் தேடி ஓட மாட்டார்.

அதனால் லைனைத் தொடக் கூடாது, மணியை மட்டும் வெட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். பேசும் வழி எப்போதும் திறந்தே இருக்கும். எடுத்தால் டயல் டோன் வரும், நம்பர் காட்டும் திரை வேலை செய்யும், ஆன்சரிங் மெஷின் இருந்தால் அதுவும் வழக்கம்போல எடுக்கும்.

மேசைப் போனைத் திறந்தேன். அடியில் திருகுகள், ரப்பர் காலுக்குக் கீழே ஒளிந்திருக்கும் ஒன்றையும் சேர்த்துக் கழற்றினால் மூடி வரும். சுருள் மணி வைத்த பழைய போனாக இருந்தால் இரண்டு பித்தளைக் கிண்ணமும் நடுவே ஒரு சுத்தியும் தெரியும், சுருளுக்குப் போகும் ஒரு கம்பியை வெட்டி வெளியே கொண்டுவந்தால் போதும். என்னுடையது எலக்ட்ரானிக் போன். பலகையில் எட்டுக் கால் ரிங்கர் ஐசி ஒன்று, அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் மூடியில் ஒட்டிய ஒரு பித்தளைத் தகட்டுக்குப் போகின்றன. தகட்டின் நடுவே சாம்பல் வெள்ளையில் பீங்கான் பூச்சு, அதுதான் பீசோ பஸ்ஸர். கம்பியை அந்தத் தகட்டிலிருந்து சால்டரை உருக்கிக் கழற்ற முயல வேண்டாம். பீங்கானின் மேல் வெள்ளி முலாம் ரொம்ப மெலிசு, அயர்ன் இரண்டு விநாடி கூடுதலாக நின்றால் முலாம் சால்டரோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும், அப்புறம் அதில் எதுவும் ஒட்டாது. கம்பியை நடுவில் வெட்டி இரண்டு முனையையும் நீட்டிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

அதைவிட நல்ல இடமும் இருக்கலாம். பல போன்களில் பக்கவாட்டில் மணியைக் கூட்ட, குறைக்க, நிறுத்த ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும். நிறுத்தும் நிலையில் அது செய்வதே பஸ்ஸருக்குப் போகும் வழியைத் திறந்துவிடுவதுதான். அந்த சுவிட்சின் காலிலேயே நம் கம்பிகளைத் தொடராகச் சேர்த்துவிட்டால் வெட்டும் வேலை மிச்சம். தனி பஸ்ஸரே இல்லாமல் ஸ்பீக்கர்போனின் ஸ்பீக்கரிலேயே மணியை ஒலிக்கும் புதிய போன்களில் இது அவ்வளவு சுத்தமாக வராது, ஸ்பீக்கரை வெட்டினால் ராத்திரியில் ஸ்பீக்கர்போனும் போய்விடும். எனக்கு அது பரவாயில்லை என்றே தோன்றும், ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்பீக்கரில் போட்டு யார் பேசப்போகிறார்கள்.

முழுக்க நிறுத்தாமல் முணுமுணுப்பாகக் குறைத்தால் போதும் என்பவர்கள், திறக்கும் கான்டாக்டுக்குக் குறுக்கே ஒரு 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைக்கலாம். பீசோ தகடு மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரு சின்னக் கெபாசிட்டர், பெரிய ரெசிஸ்டர் வழியாக அதற்குக் கொஞ்சமே போய்ச் சேரும், பக்கத்து அறையில் விழித்திருப்பவருக்கு மட்டும் கேட்கும். மதிப்பைக் கூட்டிக் குறைத்து உங்கள் காதுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வரும் அந்த இரண்டு கம்பிகளும் பார்க்க அப்பாவியாக இருந்தாலும் லைனோடு நேரடித் தொடர்பில் இருப்பவை என்பதை மறக்க வேண்டாம். இடி இடித்து லைனில் ஏதாவது பாய்ந்தால் இவற்றிலும் வரும். ஹெட்போன் வயரை வெட்டிப் போடாமல், போன் லைனுக்கே பயன்படும் தட்டை வயரைப் பயன்படுத்தினேன். வெளியே வரும் இடத்தில் ஒரு முடிச்சு, இழுத்தால் பலகைக்கு இழுவை போகாது.

கார்ட்லெஸ் போன் வேறு கதை. அதன் மணி ஹேண்ட்செட்டுக்குள் இருக்கிறது, அதை வெளியிலிருந்து வெட்ட வழியில்லை. பேஸின் அடாப்டரை டைமரில் போடலாமே என்றால் ராத்திரி முழுக்க பேட்டரி சார்ஜ் ஆகாது. ஆகவே கார்ட்லெஸுக்கு மட்டும் லைன் கம்பியைத் துண்டிப்பது, வெளியே பேச மேசைப் போன் இருக்கிறதே என்று சமரசம் செய்துகொண்டேன். ரிலேயில் இரண்டு ஜோடி கான்டாக்ட் இருப்பது இங்கே கைகொடுத்தது. ஒரு ஜோடி பஸ்ஸருக்கு, இன்னொரு ஜோடி கார்ட்லெஸ் லைனுக்கு.

ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு அமைதி நேரம் தொடங்கி ரிலே இழுக்கும்போது யாராவது கார்ட்லெஸில் பேசிக்கொண்டிருந்தால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று பெட்டிக்குத் தெரிய வேண்டும். லைனுக்குக் குறுக்கே வோல்டேஜை அளக்கலாம் என்றால், சும்மா இருக்கும் லைனிலிருந்து எந்தக் கருவியும் டிசி உறிஞ்சக் கூடாது என்பது விதி, அமெரிக்க விதியில் அந்த நிலையில் குறைந்தது 5 மெகா ஓம் இருக்க வேண்டும். உள்ளே ஒரு எல்.இ.டி.யை எரியவைத்து அந்த ஒளியாலேயே மறுபக்கத்துக்குச் சேதி சொல்லும் ஆப்டோகப்ளரில், அந்த எல்.இ.டி. எரியத் தேவையான மில்லி ஆம்பியரை அங்கே எடுக்கவே முடியாது. அதனால் குறுக்கே அளப்பதை விட்டுவிட்டுத் தொடரில் அளந்தேன். கார்ட்லெஸுக்குப் போகும் கம்பியில் ஒரு பிசி814 ஆப்டோகப்ளர், அதன் எல்.இ.டி. முனைகளுக்குக் குறுக்கே ஒரு 150 ஓம் ரெசிஸ்டர். பிசி814-க்குள் எதிரெதிராக இரண்டு எல்.இ.டி. இருப்பதால் லைனின் பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம் இருந்தாலும் கவலையில்லை. பேசும்போது ஓடும் 20 மில்லி ஆம்பியரில் எட்டு ரெசிஸ்டர் வழியாகப் போகும், மிச்சம் எல்.இ.டி.யை எரியவைக்கும். லைனில் இழப்பு ஒரு வோல்ட் சொச்சம், பேச்சில் வித்தியாசமே தெரியாது. மணி அடிக்கும்போதும் இது மினுக்கும், ஆனால் பேசும்போதுதான் விடாமல் எரியும். கால் விநாடிக்கு மேல் தொடர்ந்து எரிந்தால் போன் எடுக்கப்பட்டிருக்கிறது என்று கணக்கு. பேச்சு முடியும் வரை அமைதி நேரம் காத்திருக்கும்.

இனி ரிலே. அர்டுயினோ என்னும் மைக்ரோகன்ட்ரோலர் பலகையின் கிட்டுகளில் வரும் நீல நிற 10 ஆம்பியர் ரிலேதான் கையில் இருந்தது, ஆனாலும் அதைப் போடவில்லை. அந்தக் கான்டாக்டுகள் பல்பும் மோட்டாரும் ஓட்டச் செய்தவை. ஒவ்வொரு முறை சேரும்போதும் வரும் சின்னப் பொறிதான் அவற்றின் மேல் படியும் மாசை எரித்துச் சுத்தமாக வைக்கிறது. பஸ்ஸருக்குப் போகும் துளி மின்சாரத்தில் பொறி எங்கே வரும், நாளடைவில் கான்டாக்ட் சேர்ந்தும் சேராமலும் கிடக்கும், மணி ஒருநாள் அடிக்கும், ஒருநாள் அடிக்காது. சிக்னல் ரிலே, டெலிகாம் ரிலே என்று கேட்டால் தங்க முலாம் பூசிய கான்டாக்டோடு சின்னதாக ஒன்று தருவார்கள். 5 வோல்ட் காயில், இரண்டு ஜோடி கான்டாக்ட். அதை ஓட்ட ஒரு டிரான்சிஸ்டர், பேஸில் 1 கிலோ ஓம், காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு, இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். டிரான்சிஸ்டரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், பிசி547-ன் உச்சமே 100 மில்லி ஆம்பியர், சில ரிலேக்களின் காயில் அதையே கேட்கும். 2என்2222 போட்டால் நிம்மதி.

கான்டாக்டில் எந்தக் காலைப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் இந்தப் பெட்டியின் குணமே இருக்கிறது. ரிலேவுக்கு மின்சாரம் இல்லாதபோது சேர்ந்திருக்கும் காலைத்தான் எடுத்தேன். அதாவது அமைதி நேரத்தில் ரிலே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும், கரண்ட் போனாலோ சார்ஜர் செத்தாலோ புரோகிராம் உறைந்தாலோ கை விட்டுவிடும், மணி அடிக்கும். ராத்திரி முழுக்கக் காயிலில் அரை வாட் போகிறதே என்று லாட்சிங் ரிலே போடச் சொல்வார்கள். அது ஒரு தட்டுத் தட்டினால் அந்த நிலையிலேயே நிற்கும், மின்சாரமே வேண்டாம். இந்த வேலைக்கு அதுதான் ஆகாது. அமைதி நிலையில் இருக்கும்போது கரண்ட் போனால் அமைதியாகவே நின்றுவிடும், போன் ஊமையானது யாருக்கும் தெரியாது. பழுதானால் இரைச்சல் பக்கம் சாய வேண்டும், நிசப்தத்தின் பக்கம் சாயக் கூடாது.

மூளைக்கு ஒரு அர்டுயினோ நானோ, நேரத்துக்கு டிஎஸ்3231 என்னும் கடிகார ஐசி. டிஎஸ்1307 மலிவுதான், ஆனால் வெப்பநிலை மாற மாற நேரம் நகரும், சில மாதத்தில் நிமிடக் கணக்கில் தள்ளிப்போகும். டிஎஸ்3231 வெப்பநிலையைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும், அறை வெப்பத்தில் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்குள் நிற்கும், வருஷத்துக்கு ஒரு நிமிடம் போலத்தான் பிசகும். பரவலாகக் கிடைக்கும் நீலப் பலகை மாடல் வாங்கினால் ஒன்று கவனிக்க வேண்டும். அதில் பட்டன் பேட்டரியை சார்ஜ் செய்ய ஒரு டயோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் இருக்கும். சார்ஜ் செய்யும் ரக பேட்டரிக்குச் சரி. சாதாரண சிஆர்2032 போட்டால் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, உப்பிவிடும். அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டுத்தான் பேட்டரி போட்டேன்.

அந்த ஐசியில் இன்னொரு நல்ல குணம், பேட்டரியும் தீர்ந்து கடிகாரம் நின்றுபோயிருந்தால் அதற்கென்று ஒரு பிட்டை உயர்த்தி வைக்கும். நிலைப் பதிவேட்டின் ஏழாவது பிட். புரோகிராம் தொடங்கியதும் முதலில் பார்ப்பது அதைத்தான். அது உயர்ந்திருந்தால் நேரத்தை நம்பாதே, ரிலேயைத் தொடாதே, மஞ்சள் எல்.இ.டி.யை மினுக்கு. வாட்ச்டாக் டைமரையும் இயக்கினேன், புரோகிராம் எங்காவது மாட்டிக்கொண்டால் எட்டு விநாடியில் தானே ரீசெட் ஆகும். பழைய பூட்லோடர் (பலகை தொடங்கும்போது முதலில் ஓடும் குட்டிப் புரோகிராம்) உள்ள நானோ பலகைகளில் வாட்ச்டாக் ரீசெட் ஆனதும் பூட்லோடருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்ளும், அதனால் ஆப்டிபூட் என்னும் புதிய பூட்லோடர் ஏற்றிய பலகையாகப் பார்த்துப் பயன்படுத்துங்கள்.

மணி வருகிறதா என்று கண்டுபிடிக்கும் பகுதி, எதையும் வெட்டாமல் லைனுக்குக் குறுக்கே உட்காருகிறது, ரிலேவுக்கு முன்னால், வரும் லைன் பக்கம். வரிசையாக: 0.47 மைக்ரோஃபாரட், 250 வோல்ட் ஃபிலிம் கெபாசிட்டர், 10 கிலோ ஓம் அரை வாட் ரெசிஸ்டர், எதிரெதிராக இரண்டு 24 வோல்ட் ஜீனர் டயோடு, அப்புறம் பிசி817 ஆப்டோகப்ளர், அதன் எல்.இ.டி.க்குத் தலைகீழாக ஒரு 1என்4148 டயோடு. மறுபக்கம் 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் போட்டு நானோவின் ஒரு காலுக்கு. 25 ஹெர்ட்ஸில் அந்தக் கெபாசிட்டர் 13.5 கிலோ ஓம் போல நடந்துகொள்ளும், ரெசிஸ்டரையும் சேர்த்தால் 17 கிலோ ஓம் பக்கம். ஒரு சாதாரண மணி 7 கிலோ ஓம் என்று கணக்கு வைத்தால் இது அரை மணிகூட இல்லை. பெரும்பாலான லைன்கள் நாலைந்து மணிகளைத் தாங்கும், ஆக இது பாரமே இல்லை. குறிப்பிட்ட வோல்டேஜுக்கு மேல்தான் வழிவிடும் ஜீனர் எதற்கென்றால் பேச்சு, டோன், சின்னச் சின்ன இரைச்சல் எதுவும் எல்.இ.டி. வரை போகாமல் இருக்க. ரொம்ப உயர்ந்த ஜீனர் போட்டால் இணைய அடாப்டர்களின் சோகையான மணி தெரியாமல் போய்விடும், அவற்றில் சில 45 வோல்ட்டுக்கு மேல் தருவதில்லை.

பலகையில் லைன் பக்கத்துக்கும் நானோ பக்கத்துக்கும் நடுவே ஆறு மில்லிமீட்டராவது வெற்றிடம் விடுங்கள். துளைப்பலகையில் நடுவே இரண்டு வரிசைச் செம்பைச் சுரண்டி எடுத்தேன், அந்த எல்லையைத் தாண்டுபவை ஆப்டோகப்ளர்களும் ரிலேயும் மட்டும்.

மணி வரும்போது நானோவுக்கு ஒரு சுழற்சிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும், 40 அல்லது 50 மில்லி விநாடிக்கு ஒன்று. ஒரே ஒரு துடிப்பைப் பார்த்து மணி என்று நம்பக் கூடாது. யாராவது ரிசீவரை எடுத்தாலும் வைத்தாலும் ஒரு துடிப்பு வரும், எக்ஸ்சேஞ்ச் பிளஸ் மைனஸை மாற்றினாலும் வரும், சுழற்றும் டயல் உள்ள பழைய போன் வீட்டில் இருந்தால் நம்பர் சுழற்றும்போதெல்லாம் விநாடிக்குப் பத்து வீதம் வரும். அதனால் இரண்டு துடிப்புக்கு நடுவே 30 முதல் 65 மில்லி விநாடி இருக்க வேண்டும், அப்படித் தொடர்ந்து ஆறு வர வேண்டும், அப்போதுதான் மணி. டயல் துடிப்புக்கு 100 மில்லி விநாடி இடைவெளி, தானாகவே ஒதுங்கிவிடும். ஆறு துடிப்புக்கு அதிகபட்சம் 300 மில்லி விநாடி, ஒலியே 400 மில்லி விநாடிதான் என்னும் குறுகிய இரட்டை மணியிலும் இது பிடிபடும்.

சரி, மணி வருவது தெரிகிறது, மணி என்ன என்பதும் தெரிகிறது. இதை எதற்குக் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்தோம் என்றால், விதிவிலக்குக்காக. அமைதி நேரத்தில் வரும் முதல் அழைப்பு ஊமையாகப் போகும். அதே ஆளோ வேறு ஆளோ மூன்று நிமிடத்துக்குள் மறுபடி கூப்பிட்டால் ரிலே கை விடும், மணி அடிக்கும், அடுத்த ஐந்து நிமிடத்துக்குத் திறந்தே இருக்கும். விற்பனைக்காரர்களும் தப்பு நம்பர்களும் உடனே மறுபடி கூப்பிடுவது அபூர்வம். நிஜமாகவே அவசரம் என்றால் யாரும் ஒருமுறையோடு விட மாட்டார்கள். நெருங்கியவர்களிடம் "ராத்திரி எடுக்கலைன்னா வச்சிட்டு உடனே இன்னொரு தடவை அடிங்க" என்று சொல்லிவைத்தால் போதும்.

ஒரு அழைப்பு எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள், இது பார்ப்பதற்கு எளிது போல இருக்கும். ஒரே அழைப்பிலும் மணி விட்டுவிட்டுத்தான் வரும், சில நாடுகளில் 2 விநாடி ஒலி 4 விநாடி மௌனம், சில நாடுகளில் 0.4 ஒலி, 0.2 மௌனம், மறுபடி 0.4 ஒலி, அப்புறம் 2 விநாடி மௌனம். ஆக மௌனம் 4 விநாடியைத் தாண்டினால்தான் அழைப்பு முடிந்தது என்று சந்தேகப்படலாம். 6 விநாடி வைத்தேன். இதைக் கூட்டினால், வைத்த வேகத்தில் ரீடயல் அமுக்குபவரின் இரண்டாவது அழைப்பு முதலாவதின் தொடர்ச்சி என்று எண்ணப்பட்டு ஊமையாகிவிடும், அவசரத்தில் இருப்பவர்தான் அவ்வளவு வேகமாக அமுக்குவார். குறைத்தாலோ நடுவில் ஒரு மணி பிடிபடாமல் போனாலே ஒரே அழைப்பு இரண்டாகத் தெரியும். வீட்டில் ஆன்சரிங் மெஷின் இருந்தால் மூன்று நிமிடத்தை ஐந்தாக்குங்கள், செய்தி பதிவு செய்து முடித்துவிட்டுத்தான் அவர் மறுபடி கூப்பிடுவார்.

நள்ளிரவைத் தாண்டும் கணக்கு எளிதுதான். நேரத்தை நாளின் நிமிடமாக மாற்றினால் இரவு 10 மணி 1320, காலை 6 மணி 360. தொடக்கம் முடிவைவிடப் பெரிதாக இருந்தால், 1320-க்கு மேல் இருந்தாலும் சரி, 360-க்குக் கீழே இருந்தாலும் சரி, இரண்டில் ஒன்று போதும், அமைதி. தொடக்கம் சிறிதாக இருந்தால், பகல் தூக்கத்துக்கு வைப்பது போல, இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். இதோடு இன்னொரு நிபந்தனை: மணி அடித்துக்கொண்டிருக்கும்போதோ யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதோ இந்த நேரக் கணக்கால் ரிலே நிலை மாறக் கூடாது. சரியாக 10 மணிக்கு மணி அடித்து, எடுக்க எழுந்து போகும்போது அது பாதியில் அடங்கினால் போன் ரிப்பேர் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பெட்டியின் முகத்தில் மூன்று எல்.இ.டி., இரண்டு பட்டன். பச்சை அமைதி நேரத்தில் எரியும். சிவப்பு, ஊமையாகப் போன அழைப்பு இருந்தால் விட்டுவிட்டு மினுக்கும், எத்தனை அழைப்போ அத்தனை மினுக்கல். மஞ்சள் கடிகாரத் தகராறு. ஒரு பட்டன் இன்றைக்கு மட்டும் அமைதி வேண்டாம் என்று சொல்ல, யாராவது பயணத்தில் இருக்கும் ராத்திரிகளுக்கு. இன்னொன்று இப்போதே ஒரு மணி நேரம் அமைதி. எல்.இ.டி.களுக்கு வழக்கமான 330 ஓம் போட்டால் இருட்டு அறையில் கண்ணைக் குத்தும், 10 கிலோ ஓம் போட்டேன்.

நம்பர் பார்த்துச் சிலரை மட்டும் விடலாமே என்று கேட்பீர்கள். விடலாம். நம்பர் சில இடங்களில் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவே 1200 பாட் வேகத்தில் வருகிறது, சில இடங்களில் முதல் மணிக்கு முன்பே, பட்டன் அழுத்தி டயல் செய்யும்போது கேட்குமே, அந்த டோன்களாக வருகிறது. டோன்களை எம்டி8870 பிரித்துக் கொடுக்கும், மற்றதற்கு எச்டி9032 மாதிரி தனி ஐசி. ஆனால் அப்புறம் யார் பட்டியலில், யார் வெளியே என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவசரத்தில் இருப்பவர் பெரும்பாலும் யாரோ ஒருவரின் போனிலிருந்துதான் கூப்பிடுவார். இரண்டு முறை அடித்தால் மணி என்பதற்குப் பட்டியலே வேண்டாம். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

லைனில் டிஎஸ்எல் இணையமும் வருகிறது என்றால் இந்தப் பெட்டி முழுவதும் ஃபில்டருக்குப் பின்னால், போன் பக்கத்தில் இருக்கட்டும். திருட்டு அலாரமோ, வயதானவர் கழுத்தில் மாட்டும் உதவிப் பொத்தானோ அதே லைனைப் பயன்படுத்தினால் அவற்றின் பாதையில் எந்த ரிலேயும் வரக் கூடாது. லைனோடு இணைக்கும் கருவிகளுக்குப் பல நாடுகளில் ஒப்புதல் தேவை, உங்கள் இணைப்பின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது முடியாது என்றால் லைனைத் தொடாமல் பஸ்ஸரை மட்டும் வெட்டும் பாதியைச் செய்யலாம், இரண்டாவது அழைப்பு வசதி மட்டும் போகும்.

சோதனையைப் பகலிலேயே செய்துவிடலாம். அமைதி நேரத்தை அடுத்த நிமிடத்தில் தொடங்கும்படி வைத்து, மொபைலிலிருந்து லேண்ட்லைனைக் கூப்பிடுங்கள். மணி வரக் கூடாது, சிவப்பு மினுக்க வேண்டும், மேசைப் போனின் திரையில் நம்பர் வர வேண்டும், ரிசீவரை எடுத்தால் பேச முடிய வேண்டும். வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டால் மணி வர வேண்டும். கார்ட்லெஸில் பேசிக்கொண்டே அமைதி நேரத்தைக் கடந்து பாருங்கள், பேச்சு அறுபடக் கூடாது. கடிகாரப் பலகையிலிருந்து பேட்டரியை எடுத்துவிட்டு மின்சாரத்தைத் துண்டித்துச் செருகுங்கள், மஞ்சள் மினுக்க வேண்டும், ரிலே அசையக் கூடாது. கடைசியாக, கடிகாரத்தைச் சரிசெய்து மறுபடி அமைதி நேரத்துக்குள் கொண்டுவந்து, பச்சை எரிந்துகொண்டிருக்கும்போதே சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு மொபைலில் கூப்பிடுங்கள். அப்போது மணி கணீரென்று அடிக்கவில்லை என்றால் ரிலேயில் தப்பான காலில் கம்பி இருக்கிறது, அதை மாற்றிவிட்டுத்தான் மூடியைத் திருகவும்.